பதினோராவது குழியில் ஒரு சாண்

நான் எவ்வளவு மோசமான கோல்ஃப் ஆட்டக்காரன் என்பதை என்னால் எண்களில் சொல்ல முடியும். போன ஆண்டு நான் ஆடிய ஆட்டங்களில் முதல் அடி ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய நடுப்பாதையில், போய் விழுந்தது மூன்றுக்கு ஒரு தடவை. மற்ற இரண்டும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்குள். அதிலும் வலது பக்கம்தான் அதிகம். இடது பக்கம் போனவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிரீன் என்கிற மழித்த புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்குப் பட்டர் என்று ஒரு தடி உண்டு. அதைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு குழிக்குச் சராசரியாக இரண்டேகால் தட்டு. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்ததால் ஆட்டம் ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை. ஆனால் எங்கே தோற்கிறேன் என்று தெரிந்து தோற்கிறேன். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இது தொழில் புத்தி. செனாவாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை ஒழுகியது, எந்த விரலில் ஒழுகியது, எந்த ஷிஃப்டில் வந்த சரக்கு, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒழுகிய கையுறையை ஒழுகவில்லை என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு முறை சூப்பர்வைசர் ஒருவர் கேட்டுப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் அவரே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். "வாரம் பூரா கையுறையில ஓட்டை தேடுறாரு, ஞாயித்துக்கெழம பந்துக்குக் குழி தேடுறாரு" என்று அண்ணி என்னைக் கேலி செய்வார்.

அண்ணியின் கணவர், என் ஒரே அண்ணன், எனக்கு நேர்மாறு. அவருக்கு ஒரு எண்ணும் தெரியாது. ஆனால் அவர் அடித்தால் பந்து போகும்.

பகாவுக்கும் கோலா பிலாவுக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில் நாங்கள் பிறந்தோம். அங்கே துரைமார் காலத்தில் வெட்டிய ஒன்பது குழி மைதானம் ஒன்று இன்றும் இருக்கிறது. பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் அங்கேதான் போய் மானேஜர்களின் பையைத் தூக்குவோம். கெடி என்பார்கள். பிறகு அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டப் போனார், நான் செனாவாங்குக்கு வந்தேன். மானேஜர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். மைதானத்துக் கிளப்பை, சுற்றுவட்டாரத்தில் உள்ள ஆசிரியர், கடைக்காரர், லாரிக்காரர் என்று கிடைத்த ஆள்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் தூக்கிய பைகளை இப்போது எங்களுக்காக நாங்களே தூக்குகிறோம்.

அண்ணனின் பையைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஏழாம் நம்பர் இரும்புத் தடி ஒரு செட்டில் இருந்து, எட்டாம் நம்பர் வேறொரு செட்டில் இருந்து, இரண்டுக்கும் பிடி வேறு நிறம். பட்டரின் தலையில் வெல்டிங் வடு. செகண்ட்ஹேண்ட் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. நான் மட்டும் தடியின் விறைப்பு, தலையின் சாய்வுக் கோணம் என்று இரவெல்லாம் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்த முழு செட் வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுதான் மரத்துக்குள் அடிக்கிறேன்.

போன ஆண்டுதான் அண்ணனுக்கு அந்த ஆசை வந்தது. மாநிலத்தின் மூத்தோர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். செரம்பானுக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில் ஒரே நாள், பதினெட்டுக் குழி ஆட வேண்டும். முதல் நான்கு பேர் அணிக்குள். கிளப் செயலாளர் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அண்ணன் அதைத் தொடவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் சொன்னார்.

"சின்ன வயசுல நமக்கெல்லாம் போட்டியில பேர் குடுக்கவே விட மாட்டான். பை தூக்கிக்கிட்டுப் பின்னாடி நடக்கலாம், அவ்ளோதான். ஒரு வாட்டி மாநிலத்துக்கு ஆடிட்டா போதும்லா தம்பி. அந்தச் சட்டைய ஒரு வாட்டி போடணும்."

அண்ணன் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பேச்சு எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாத காரணமும் இருந்தது. எத்தனையோ வருடம் லாரி கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். தேர்வு நடந்து மூன்று வாரத்தில் அறுவை. பிறகு நடக்கலாம், மெதுவாக ஆடவும் செய்யலாம், ஆனால் உடம்பைத் திருப்பி முன்பு அடித்த மாதிரி அடிக்க முடியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். எங்கள் இருவருக்குள் அடுத்த ஆண்டு என்ற பேச்சு அதோடு நின்றது. அண்ணிக்கு மட்டும் டாக்டர் சொன்ன அந்தக் கடைசிப் பகுதியை அண்ணன் சொல்லவில்லை.

நான் கெடியாகப் போவது என்று முடிவானது. இரண்டு மாதம் அண்ணனின் ஆட்டத்தை எழுதினேன். ஃபேர்வே எத்தனை, கிரீன் எத்தனை, பட் என்கிற உருட்டல் எத்தனை, எட்டாம் நம்பர் இரும்பு எவ்வளவு தூரம், களைத்த பிறகு எவ்வளவு தூரம். "ஒன் நோட்டு ஆடாதுலா, கைதான் ஆடும்" என்றார். இருந்தாலும் எங்கள் ஒன்பது குழியை இரண்டு சுற்று ஆடும்போது பதின்மூன்றாம் குழிக்குப் பிறகு அவர் அடி பத்து கெஜம் குறைகிறது என்று நான் காட்டியதும், பேசாமல் ஒரு படி நீளமான தடியை எடுக்கப் பழகிக்கொண்டார். என் வாழ்க்கையில் என் கணக்கு ஒருவருக்குப் பயன்பட்டது அந்த இரண்டு மாதம்தான்.

விதிப் புத்தகத்தையும் விடவில்லை. போனில் இறக்கி வைத்து, ஷிஃப்ட் இடைவேளையில் நெத்திலி சம்பலோடு சேர்த்துப் படித்தேன். தேர்வு நாள் காலையில் அண்ணனின் பையில் தடிகளை மூன்று முறை எண்ணினேன். பதினான்கு இருக்கலாம், பதினைந்து இருந்தால் குழிக்கு இரண்டு அடி அபராதம். மூன்றாம் முறைதான் பதினைந்தாவது தெரிந்தது. மழைக்குடையோடு ஒட்டிக்கொண்டு வெட்ஜ் என்கிற குட்டைத் தடி ஒன்று, பழையது, துருப்பிடித்தது. எடுத்துக் காரின் பின்னால் போட்டேன். அண்ணனின் பந்து என்று அடையாளம் தெரிய, பந்துகளில் நீல மையில் புள்ளி வைத்தேன். அன்றைக்கு நான் விதியை நினைத்த அளவுக்குச் சாமியைக்கூட நினைக்கவில்லை.

இப்போது எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கெடியாக இருந்த காலத்தில், மானேஜர் உருட்டிய பந்து குழிக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றுவிட்டால், அதைத் தட்டிப் போட அவரைக் குனிய விட மாட்டோம். ஓடிப் போய்ப் பந்தை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுப்போம். எப்படியும் விழத்தான் போகிறது, அதை ஓர் அடியாகச் சேர்த்துக்கொள்வார்கள். மானேஜர்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது. மானேஜர் இருந்த இடத்தில் வயதில் மூத்தவர்கள் வந்துவிட்டார்கள். மூத்தவரைச் சாண் தூரத்துக்குக் குனிய வைப்பது மரியாதை இல்லை. அடிகளைக் கார்டில் எழுதி ஆடும் நாளிலும் சின்னவன்தான் குனிந்து எடுத்துக் கொடுப்பான். முப்பது வருடமாக அண்ணனின் பந்தை நான் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விதிப்படி தப்பு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அடியை எண்ணிப் போட்டி நடக்கும்போது ஒவ்வொரு குழியிலும் பந்து உள்ளே விழுந்தே ஆக வேண்டும். அது தெரியாத ஆள் கோல்ஃபே ஆட வேண்டாம்.

மூன்று பேர் கொண்ட குழுவில் அண்ணனைப் போட்டிருந்தார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் ஒருவர். அண்ணனின் கார்டில் எண்களை எழுதும் பொறுப்பு அவருக்கு. இன்னொருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனர். பகி என்கிற பாட்டரி வண்டி கிடையாது, நடந்துதான் ஆட வேண்டும். முதல் மூன்று குழிகளில் அண்ணன் இரண்டு அடி கூடுதலாக அடித்துவிட்டார். நான்காவதில் இருந்து எல்லாம் சரியாகிவிட்டது. அவருடைய நிறம் மாறிய தடிகளைப் பார்த்துச் சிரித்த சீனர், ஒன்பதாவது குழி முடிந்ததும் அந்த ஏழாம் நம்பரை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தார். பத்துக் குழி முடிந்தபோது அண்ணன் மைதானத்தின் கணக்கைவிட இரண்டே அடி கூடுதல். அணிக்குள் போக அது தாராளம்.

பத்துக் குழியிலும் அவரே பட்டரை நீட்டித் தன் பந்தைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் குனிய வேலை வரவில்லை.

பதினொன்றாவது குழி மேட்டில் இருக்கிறது. ஏறி வரும்போதே அண்ணன் இடது காலை இழுத்தார். இரண்டாம் அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். தூரத்தில் இருந்து உருட்டிய பந்து அழகாக வளைந்து வந்து, குழியின் வாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மற்ற இருவரும் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். சீனர் தான் கலைத்த மணல்குழியைச் சமன்படுத்தப் போயிருந்தார், ராணுவக்காரர் தன் பைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். அண்ணன் பந்தை நோக்கி நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது.

நான் குனிந்தேன். பந்தை எடுத்தேன். துண்டால் துடைத்தேன். அவர் கையில் கொடுத்தேன்.

"ம்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாக இப்படித்தான். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் கொடியைக் குழியில் நட்டேன், பையைத் தூக்கினேன். "பெராப்பா?" என்று எத்தனை அடி என்பதை ராணுவக்காரர் கேட்டார். "எம்பாட்" என்று அண்ணன் நான்கைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாவது குழியின் தொடக்க மேடை இருபது எட்டுத் தொலைவில்தான் இருக்கிறது. முதலில் அடிக்கும் முறை அண்ணனுக்கு. எட்டாம் நம்பரைக் கொடுத்துவிட்டு, நான் ஒதுங்கி நின்று நோட்டைத் திறந்தேன். ஃபேர்வே, சரி. கிரீன், சரி. பட் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதப் பேனாவை வைத்தேன். ஒன்று, தூரத்தில் இருந்து உருட்டியது. இரண்டாவது?

இரண்டாவது நடக்கவே இல்லை.

தலையை உயர்த்தினேன். அண்ணனின் தடி தலைக்கு மேலே போய்விட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒரு நொடி இருந்தது. அரை நொடி என்று நீங்கள் சொன்னாலும் சண்டை போட மாட்டேன். அடுத்த குழிக்கான முதல் அடி விழாத வரைக்கும் எல்லாவற்றையும் சரி செய்யலாம். திரும்பிப் போய்ப் பந்தைச் சாண் தூரத்தில் வைத்துத் தட்டிப் போடலாம். அடையாளம் வைக்காமல் நான் எடுத்ததற்கு ஓர் அடி அபராதம், அவ்வளவுதான். அடி விழுந்துவிட்டால் முடிந்தது. ஆட்டத்தில் இருந்தே நீக்கம். எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் போதும். இருமியிருந்தால்கூட அவர் நிறுத்தியிருப்பார்.

நான் மூச்சுகூட விடவில்லை. ஒருவர் தடியை ஓங்கும்போது கெடி அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சின்ன வயதில் பை தூக்கப் போனபோது காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தது. பந்தை எடுத்த கையும் அந்தப் பழக்கம்தான், மூடிக்கொண்ட வாயும் அந்தப் பழக்கம்தான். என் உடம்பில் எனக்குச் சொந்தமாக எதுவும் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

பந்து உயரப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் நாலடி தள்ளி விழுந்தது. சீனர் கைதட்டினார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கை நல்லா வருதுலா தம்பி" என்றார்.

நான் எட்டாம் நம்பரை வாங்கித் துடைத்துப் பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு குழி. அண்ணன் தன் வாழ்நாளின் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். நான் பை தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன், அது எதுவுமே செல்லாது என்று தெரிந்துகொண்டு. ஒவ்வொரு நல்ல அடிக்கும் எனக்கு வலித்தது. மோசமாக ஆடித் தொலைந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கெட்டுப்போனால் சொல்லவே தேவை இருக்காதல்லவா? அவர் கெடவில்லை. பதின்மூன்றுக்குப் பிறகு ஒரு படி நீளமான தடி எடுக்கச் சொன்ன என் கணக்கும் துல்லியமாக வேலை செய்தது. அன்றைக்குப் பார்த்து.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதினான்காவது குழியில் போட்டி அதிகாரி ஒருவர் பகியில் வந்து எங்கள் பக்கத்தில் நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் கையை நீட்டி ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஆட்டம் முடியட்டும், பாதியில் சொன்னால் அண்ணன் உடைந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மை அது இல்லை. எனக்குப் பயம். அவர் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பை என் கையால் அழிக்கப் பயம். அப்படியே சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்ற நினைப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு சாண். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். ஒழுகிய கையுறையை நல்ல பெட்டிக்குள் போடும் ஆள் எப்படி இருப்பான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என்னைப் போலத்தான் இருப்பான்.

பதினாறாவதில் நீண்ட பட் ஒன்று உருண்டு உருண்டு உள்ளே விழுந்தது. அண்ணன் பட்டரை உயர்த்தி என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் நோட்டில் ஒன்று என்று எழுதினேன். பதினொன்றாவது வரியில் அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

பதினெட்டாவது குழியில் அவர் நிதானமாகக் கடைசிப் பந்தைத் தட்டிப் போட்டார். எழுபத்தாறு. பலகையில் அதுவரை இருந்தவை எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. எங்களுக்குப் பின்னால் வர ஆள் இல்லை. அண்ணன் இரண்டாவது இடம்.

கார்டில் கையெழுத்துப் போடும் கூடாரத்துக்கு வெளியே, ராணுவக்காரர் கார்டையும் பேனாவையும் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, கார்டை முழங்காலில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். அவர் பேனா மூடியைத் திறந்தபோது நான் சொன்னேன்.

"அண்ணே, பதினொன்னுல பந்து குழியில விழல. நான் எடுத்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை. பிறகு புரிந்தது. அது நடந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன், அதைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

ராணுவக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போலிருக்கிறது, அல்லது எங்கள் முகமே சொல்லியிருக்கும். என்ன என்று கேட்டார், மலாயில் சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தான் எதையும் பார்க்கவில்லை, ஒரு சாண்தானே, கையெழுத்துப் போடுங்கள் என்றார். நல்ல மனிதர். மனதாரச் சொன்னார்.

அண்ணன் பேனாவைப் பிடித்தபடி கார்டில் பதினொன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"நீதான் படிச்சவன். என்ன செய்யணும், சொல்லு."

எனக்கு விதி எண் தெரியும், உட்பிரிவு தெரியும். ஆனால் கையில் இருந்த நோட்டை மூடிவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடாரத்துக்குள் தானே போனார். நான் பின்னால் போனேன். மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் மலாயில், பதினொன்றாவது குழியில் பந்தைப் போடாமலே எடுத்துவிட்டேன் என்றார். தம்பி எடுத்தான் என்று சொல்லவில்லை. நான் குறுக்கிட வாயெடுத்தபோது கையால் தடுத்தார். அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டினாள். அண்ணன் மெதுவாகக் கேட்டார், ஓர் அடி கூட்டிக்கொள்ள முடியாதா, எழுபத்தேழாக இருந்தாலும் சரிதான் என்று. அடுத்த குழியில் அடிக்கும் முன் என்றால் முடியும் அங்கிள், இப்போது முடியாது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, கார்டின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

காரில் கோலா பிலா தாண்டும் வரைக்கும் அண்ணன் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டி, கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். செம்பனைத் தோட்டங்கள் இருபக்கமும் தொடங்கிய பிறகு கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சது ஒனக்கு?"

"பன்னெண்டுல. நீங்க அடிக்கும்போது."

"அடிக்கும்போதா? அடிச்சப்புறமா?"

"ஓங்கியிருந்தீங்க. நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் தலையாட்டினார். அதற்காக அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஓங்கும்போது பேசக் கூடாது என்பது அவருக்கும் அதே காதைத் திருகித்தான் வந்தது.

"அப்பறம் ஏழு குழி" என்றார். "நான் ஒன்னய பாத்துப் பாத்து சிரிச்சுக்கிட்டு வந்தேன்லா. நீ தெரிஞ்சேதான் கூட நடந்திருக்க."

"ஆமாண்ணே."

"நாம ரெண்டு பேரும் ஆடுறோம்னு நெனச்சேன். நான் மட்டும்தான் ஆடியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிச்சிருங்கண்ணே என்றேன். வண்டியைப் பாத்து ஓட்டு என்றார்.

வீட்டுச் சந்தில் திரும்பும்போது என் தோளைத் தொட்டார்.

"அண்ணிகிட்ட எழுவத்தாறுன்னு சொல்லாத. ரெண்டாவதா வந்தும் கைவிட்டுப் போச்சுன்னா அவ தாங்க மாட்டா. ஒன்னய பாக்கிறப்பல்லாம் அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆட்டம் சரியில்ல, எம்பத்தஞ்சுன்னு சொல்லிடு. நான் சொன்னா மூஞ்சியில கண்டுபிடிச்சிடுவா. நீ கணக்கு ஆளு. நீ சொன்னா நம்புவா."

வேண்டாம் அண்ணே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி என்றேன்.

அண்ணி வாசல் கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார். "எவ்ளோ தம்பி?"

"எம்பத்தஞ்சு அண்ணி" என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

அண்ணியின் முகம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு, அண்ணனின் கையைப் பிடித்துப் படியேற்றினார். "போகட்டும் விடுங்க. இந்த இடுப்ப வச்சிக்கிட்டு யாரால ஆட முடியும்? ஆபரேசன் முடியட்டும், அடுத்த வருசம் நல்லா ஆடுவீங்க."

"ஆமா" என்றார் அண்ணன். "இன்னைக்குக் கையே வரல."